தலையெழுத்தா, தவறிய பாடமா?

டிசம்பர் 22 வந்தால் பள்ளிதோறும் விழா! கணித மேதை இராமானுஜன் பிறந்த நாள். 2012 முதல் தேசிய கணித நாள். மேடையேறுவோர் மறவாமல் ஒரு கதை சொல்வர்: நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் தோன்றிச் சூத்திரங்களை அருளினாளாம், விடிந்ததும் அவர் எழுதினாராம்! கைதட்டல் எழும். கடைசி வரிசையிலே ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தனக்குள் தீர்ப்பெழுதிக் கொள்வாள்: "தேவி வந்தாள், அவருக்குக் கணக்கு வந்தது, எனக்கு வராது!"

தோழர்களே, அருள் என்று இராமானுஜன் நம்பியது உண்மை. ஆனால் மேடை மறைக்கும் மறுபாதி என்ன? தாளுக்குக் காசின்றிச் சிலேட்டிலே எழுதி, முழங்கையால் அழித்து, மீண்டும் எழுதிய உழைப்பு! கார் என்பாரின் தொகுப்பு நூலை இளமையிலே பெற்று, அதன் தேற்றங்களைத் தாமே நிறுவிப் பார்த்த பயிற்சி! கேம்பிரிட்ஜில் அவரோடு பணியாற்றிய ஹார்டி, அவரிடம் மாயம் ஏதுமில்லை, பிற கணித அறிஞரைப் போன்றே அவரும் சிந்தித்தார் என்றுதான் எழுதினார்.

கதையால் வரும் கேடு யாது? கோச்சடையில் என் வகுப்பைப் பாருங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னேன். மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டி, "ஐந்தில் இரண்டு" என்றெழுதினாள் ஒருத்தி. அரையோடு கூட்டிய பின் அரையிலும் குறைந்துவிட்டது! வகுப்பு சிரித்தது. "எனக்குக் கணக்கு வராது, சார்" என்றாள் அவள்.

வராதா? மேலை மேலாலும் கீழைக் கீழாலும் பெருக்குவது பெருக்கலுக்குரிய விதி. அதைக் கூட்டலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். தவற்றிலும் ஒரு தருக்கம் இருந்தது! ஒரு கரும்பை ஆறு சம துண்டாக்கினேன். பாதி எத்தனை? மூன்று. மூன்றில் ஒரு பங்கு? இரண்டு. மொத்தம்? "ஆறில் ஐந்து!" என்றாள், முகம் மலர. தேவி வரவில்லை, தோழர்களே, கரும்புதான் வந்தது!

2023இல் 28 மாவட்டங்களின் ஊர்ப்புறங்களில் நடந்த ‘ஏசர்’ ஆய்வில், 14 முதல் 18 வயதினருள் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்தோர் நூற்றுக்கு 43 பேரே. எஞ்சிய 57 பேரும் அருள் பெறாதவர்களோ? அல்லர், பாடம் பெறாதவர்கள்! பின்னமும் வகுத்தலும் பிடிபடாத பிள்ளையின் தலையில் இயற்கணிதத்தை ஏற்றுகிறோம். அடித்தளம் இன்றி மாடி எழுப்புகிறோம். சரிந்ததும் தலையெழுத்து என்கிறோம்.

தமிழக அரசு 2025இல் 6 முதல் 9ஆம் வகுப்புவரை தொடங்கிய ‘திறன்’ திட்டம், பின்தங்கியோரைக் கண்டறிந்து அடிப்படையைப் பயிற்ற முனைகிறது. வரவேற்போம். ஆயின் ஓர் எச்சரிக்கை! தனிப் பட்டியலில் பெயர் ஏறியதும், "இவர்கள் மக்குகள்" என்று நாமே முத்திரை குத்துவோமாயின், அது புதிய தலையெழுத்தாகிவிடும். எவர் தவறினார் என்பதோடு நின்றுவிடாமல், எந்தப் படியில் தவறினார் என்று கேட்போம். சிவப்பு மையால் சுழிக்குமுன், "எப்படிப் போட்டாய்?" என்று வினவுவோம்.

அடுத்த டிசம்பர் 22இல், மேடையில் கனவுக் கதை வேண்டா. அந்தச் சிலேட்டைக் காட்டுங்கள்!