பொற்கிழியும் பல்லாண்டும்: கவிதையும் வருமானமும் குறித்த ஒரு பார்வை

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இராஜபாளையத்துக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 12 கி.மீ. புலமைக்குப் பொன் கிடைத்த கதை ஒன்று இவ்விரு ஊர்களையும் இணைக்கிறது. பெரியாழ்வார் பொற்கிழி பெற்ற அக்கதை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு உரியது. அதைக் காவியமாகப் பாடிய தெலுங்கு நூலான ஆமுக்த மால்யதாவைத் தமிழாக்கியவர் இராஜபாளையத்தைச் சேர்ந்த மு.கு. ஜகந்நாதராஜா. கவிஞன் தன் எழுத்துக்குப் பொருள் பெறலாமா என்ற கேள்விக்கு இக்கதை என்ன விடை தருகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையும் அதன் வரிசையும்

குருபரம்பரை நூல்கள் கூறும் செய்தி இது. பாண்டியன் வல்லபதேவன் பரம்பொருள் யார் என்று நிறுவுபவருக்குப் பரிசளிக்க எண்ணி, பொற்கிழி ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டான். நந்தவனம் அமைத்து இறைவனுக்கு மாலை கட்டி வந்த விஷ்ணுசித்தர் மதுரைக்குச் சென்று வாதில் வென்றார். கிழி தானே தாழ்ந்து வந்தது. அரசன் அவரை யானை மேல் ஏற்றி ஊர்வலம் செய்வித்தான். அப்போது வானில் தோன்றிய இறைவனைக் கண்டு அவர் பாடியதே திருப்பல்லாண்டு.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். பொன் வாதத்துக்குக் கிடைத்தது. பாட்டு அதன் பின்னரே வந்தது. பொன்னுக்காகப் பாட்டு எழுதப்படவில்லை. பாட்டுக்காகப் பொன்னும் தரப்படவில்லை. கிடைத்த பொருளும் கோயில் திருப்பணிக்குச் சென்றது என்பர். 192 அடி உயரமுள்ள பதினொரு நிலைக் கோபுரம் அப்பொருளால் எழுந்தது என்பது ஊரின் நம்பிக்கை.

எனவே, உயர்ந்த கவிதை பணத்தைத் தொடாது என்பதற்கு இக்கதையைச் சான்றாகக் காட்டத் தோன்றும். ஆனால் மரபு அப்படிக் கூச்சப்படவில்லை. பெரியாழ்வாரைப் பற்றி நாதமுனிகள் அருளிய வடமொழித் தனியனில், அரசன் வைத்த பொருளைக் குறிக்கச் 'சுல்கம்' என்ற சொல் வருகிறது. விலை, கட்டணம் என்பன அதன் பொருள். அதைப் பெற விரும்பியே அவர் வேதப்பொருளை எடுத்துரைத்தார் என்கிறது அத்தனியன். அந்த விருப்பத்தை அது குறையாகக் கருதவில்லை.

சங்கப் பாடல்களிலும் இதே நிலையைக் காணலாம். அதியமான் நெடுமான் அஞ்சி தன்னைக் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார் (புறநானூறு 208). அவர் மறுத்தது பொருளை அன்று. தம் தகுதியை அறியாமல் தந்த முறையையே மறுத்தார். தம் வீட்டு வறுமையை வெளிப்படையாகச் சொல்லிப் பரிசில் வேண்டியவரும் அவரே.

பெயர் கவிஞருக்கு, பலன் பாடுவோருக்கு

பெரியாழ்வார், ஆண்டாள் ஆகியோரின் பதிகங்கள் பலவற்றில் இறுதிப் பாசுரம் இரண்டு செய்திகளைத் தரும். பாடியவர் இன்னார், இன்ன ஊரினர் என்பது ஒன்று. இதை ஓதுவோர் இன்ன பேறு அடைவர் என்பது மற்றொன்று. அதாவது, பெயர் கவிஞருக்கும் பலன் பாடுவோருக்கும் என்று பிரிக்கப்படுகிறது.

நடைமுறையிலும் இது தொடர்ந்தது. பாசுரங்களை இசையோடும் அபிநயத்தோடும் வழங்கும் அரையர் சேவை ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்றும் உண்டு. கோயில் ஊழியம் செய்வோருக்கு மானிய நிலம் விடுவது தமிழகத்தின் பழைய வழக்கம். ஆக, பாடலை ஓதிக் காப்பதற்கு வாழ்வாதாரம் தேவை என்பதைச் சமூகம் உணர்ந்திருந்தது. எழுதுபவருக்கும் அது தேவை என்பதையே அடிக்கடி மறந்தது.

இன்றைய சட்டமும் இவ்விரண்டையும் பிரித்தே காண்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை விற்றுவிட்டாலும் படைப்பாளி என்ற பெயர் எழுதியவருக்கே உரியது. பொருள் தரும் உரிமையையோ பிறருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். திரைப்பாடலாசிரியர் பலர் அவ்வாறே இழந்தனர். 2012இல் வந்த திருத்தம், திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது பாடலாசிரியருக்கும் உரிமத்தொகையில் பங்கு உண்டு என்று உறுதி செய்தது.

அரசனும் மொழிபெயர்ப்பாளரும்

ஆமுக்த மால்யதாவை இயற்றியவர் விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் (ஆட்சி 1509-1529). பிற கவிஞர்களுக்குப் பொருள் வழங்கிய அவருக்குத் தம் காவியத்தால் வருமானம் தேவைப்படவில்லை. அந்நூலைத் தமிழாக்கிய ஜகந்நாதராஜாவுக்கு 1989இல் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு கிடைத்தது. தெலுங்கு, வடமொழி, பிராகிருதம், பாலி எனப் பல மொழிகளில் உழைத்த அறிஞர் அவர். பரிசு அவ்வுழைப்புக்குப் பெருமை சேர்த்தது. ஆயினும் பரிசு ஒருமுறை வருவது. இன்றும் அப்பரிசின் தொகை 50,000 ரூபாய்தான். அதை ஆண்டுக்கணக்கான உழைப்புக்கு ஊதியம் என்று சொல்ல முடியாது.

பாரதியார் 1919இல் எட்டயபுரம் மன்னருக்குச் சீட்டுக்கவி எழுதி ஆதரவு வேண்டினார். 1921இல் மறைந்தார். அவருடைய நூல்களின் உரிமையை அரசு பெற்றது 1949இல். இன்று நூல்கள் நாட்டுடைமை ஆகும்போது வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை கிடைக்கிறது. நல்ல திட்டம்தான். எனினும் பெரும்பாலும் எழுதியவர் மறைந்த பிறகே அப்பணம் வருகிறது.

ஒரு கணக்கு

150 ரூபாய் விலையுள்ள கவிதை நூலில் 300 படிகள் அச்சிடப்பட்டு, அனைத்தும் விற்றன என்று கொள்வோம். விலையில் 10 விழுக்காடு உரிமத்தொகை என்றால் கவிஞருக்குக் கிடைப்பது 4,500 ரூபாய். சொந்தச் செலவில் அச்சிட்டவருக்கு முதலே திரும்பாமல் போகலாம். அச்சகம், தாள் கடை, கட்டுநர் ஆகியோர் தம் கூலியைப் பெற்றுவிடுகின்றனர். கவியரங்கத்திலும் மண்டப வாடகை, ஒலிபெருக்கி, பந்தல் எல்லாவற்றுக்கும் பணம் உண்டு. கவிஞருக்குப் பொன்னாடை மட்டும் போதும் என்று கருதப்படுகிறது.

மதிப்பீடு

பொற்கிழிக் கதையைக் கவிஞர் ஊதியம் கேட்கக் கூடாது என்பதற்கு ஆதாரமாகக் கொள்வது பொருந்தாது. வென்ற பொருளைத் திருப்பணிக்குத் தந்தது பெரியாழ்வாரின் விருப்பம். தம்முடையதாக ஆன ஒன்றைத்தான் ஒருவர் கொடுக்க முடியும். கவிஞருக்குச் சேர வேண்டியதைத் தராமலே அவரிடம் தியாகத்தை எதிர்பார்ப்பது அதற்கு நிகராகாது.

பணம் வந்ததால் கவிதை தாழ்வதில்லை. வராததால் உயர்வதும் இல்லை. பிழைப்புக்கு வேறு தொழில் வைத்துக்கொண்டு எழுதுவது இன்றைக்குப் பாதுகாப்பான வழி. அதே வேளையில், கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தைப் படிப்பதும், பாட அழைப்பவரிடம் ஊதியம் உண்டா என்று கேட்பதும் இளம் கவிஞருக்கு இழுக்கல்ல. அரசன் வைத்த கட்டணத்தைப் பெற விரும்பினார் என்று ஆழ்வாரையே தனியன் போற்றுகிறது.