இசைத்தட்டில் ஒலிக்கும் பாணிகள்

கர்நாடக இசையின் பாணிகள் குருகுலப் பாடாந்தரத்திலும் கச்சேரி மேடையிலும் உருவானவை. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைப் பொறுத்தவரை அவற்றுக்கு எஞ்சியிருக்கும் முதன்மையான ஒலிச்சான்று இசைத்தட்டே. கிராமபோன் கம்பெனி 1902இல் கல்கத்தாவில் பதிவைத் தொடங்கியபோது, பாடகர் ஒரு கூம்புக் குழாயை நோக்கி உரக்கப் பாட வேண்டியிருந்தது. கோயம்புத்தூர் தாயியின் தட்டுகள் அந்தக் காலத்தவை. 1925க்குப் பிறகு மைக்ரோபோன் பரவியதும் மெல்லிய குரலும் நுண்ணிய கமகமும் பதிவாயின.

78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்றரை நிமிடமே ஓடும். அதற்குள் கீர்த்தனையைப் பாடி முடித்தால் ஆலாபனைக்கும் நிரவலுக்கும் அதிக இடம் கிடைக்காது. இந்த அளவு எல்லாப் பாணிகளுக்கும் ஒன்றுபோல் ஒத்துவரவில்லை. அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் மத்திமகால நடை அதில் கச்சிதமாக அடங்கும். ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் பிருகாக்களும் சில விநாடிகளிலேயே தம் முத்திரையைப் பதித்துவிடும். வீணை தனம்மாள் வழியினரின் சௌக்ககாலப் பதங்களுக்கோ இந்த இடம் போதாது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றும் எல்.பி. தட்டு, பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேலும் தந்தது. எம். எஸ். சுப்புலட்சுமி 1963இல் அளித்த வெங்கடேச சுப்ரபாதம் முழுமையாகக் கிடைத்தது அதனால்தான். எம். டி. ராமநாதனின் விளம்பகாலப் பாட்டுக்கு ஏற்றதும் இந்த வடிவமே.

பழைய தட்டை மதிப்பிடுபவர் முதலில் வேகத்தைச் சரிபார்க்க வேண்டும். 78 சுற்று என்று அச்சிட்டிருந்தாலும் பதிவின் வேகம் தட்டுக்குத் தட்டு மாறியது. 78இல் பதிவானதை 82 அல்லது 83இல் ஓட்டினால் இரண்டு கட்டைச் சுருதி இரண்டரையாகும். குரலின் கனமும் குறையும். அடுத்தது முள். 78 சுற்றுத் தட்டின் பள்ளம் அகலமானது, எல்.பி.க்குரிய நுண்முள் அதன் அடியில் உரசி இரைச்சலைக் கூட்டும். அந்த இரைச்சலை அளவுமீறி வடிகட்டினால் ‘ச’, ‘ஷ’ ஒலிகள் மழுங்கும். தம்புராவின் ரீங்காரமும் போய்விடும். மிருதங்கத்தின் தொப்பி நாதம் மெலிந்திருப்பதைக் கொண்டு வாசித்தவரைக் குறை சொல்வதற்கில்லை. பழைய பதிவுமுறை கீழ்நாதத்தை முழுமையாக வாங்கவில்லை.

இவற்றைக் கழித்த பிறகே சுருதி சுத்தம், கமகம், சாகித்தியத் தெளிவு ஆகியவற்றை எடைபோட முடியும். காலப்பிரமாணத்தில் கூடுதல் கவனம் தேவை. நேர நெருக்கடியால் விரைந்து பாடப்பட்ட ஒரு கிருதியை வைத்து, அந்தப் பாணியே துரிதமானது என்று முடிவுசெய்யலாகாது. அதே வித்வானின் கச்சேரிப் பதிவு கிடைத்தால் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பதே முறை.