தீவகத்துத் தாராக்குஞ்சும் குட்டநாட்டுப் பட்டியும்

தாராக்குஞ்சுக்குப் பொல்லாத காலம் முட்டையை உடைத்து வெளிவந்த முதல் நான்கு வாரம். அதைத் தாண்டிவிட்டால் கோழியைவிட நோய்க்கு ஈடுகொடுக்கும் பறவை அது. யாழ்ப்பாணத்துத் தாராவும் தமிழ்நாட்டு வாத்தும் ஒன்றேயாயினும், அவை வளரும் சூழல் ஒன்றன்று. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு முதலியவை அடங்கிய யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் தாரா வளர்ப்பு வீட்டு வளவோடு நின்றுவிடுகிறது. கோழிகளுக்கு நடுவே நாலைந்து தாரா நிற்கும். கேரளத்தின் குட்டநாட்டிலும் தமிழகத்து ஆற்றுப்படுகைகளிலும் ஆயிரக்கணக்கான வாத்துகள் ஒரே பட்டியாக, அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஊர் ஊராக நகர்கின்றன. குஞ்சுக்கு எந்த நோய் வரும், அதை யார் எப்படிக் கவனிப்பார் என்பதெல்லாம் இந்த வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன.

தீவகத்தில் குஞ்சு பெரும்பாலும் அடைக்கோழியின் கீழ் பொரிக்கிறது. கோழி முட்டைக்கு 21 நாளும் தாரா முட்டைக்கு 28 நாளும் வேண்டும். மஸ்கோவி இனத்துக்கு 35 நாள்வரை செல்லும். இந்தக் கூடுதல் வாரத்தில் கோழி பொறுமையிழந்து அடையை விட்டெழுந்தால் உள்ளிருக்கும் குஞ்சு வலுவிழக்கும். கோழி வளர்க்கும் குஞ்சுக்கு இன்னொரு குறையும் உண்டு. தாய்த்தாராவின் இறகிலுள்ள எண்ணெய்ப்பசை அதன் மேனியில் ஒட்டுவதில்லை. தண்ணீரைக் கண்டதும் இறங்கும்; நனையும்; குளிரில் விறைக்கும். இந்தியப் பட்டிக்காரர் பொரிப்பகத்தில் ஒருநாள் குஞ்சாகவே வாங்குகிறார். திருவல்லாவை அடுத்த நிரணத்தில் கேரள அரசின் வாத்துப்பண்ணை இருக்கிறது. செங்கன்னூர்ப் பக்கம் தனியார் பொரிப்பகங்கள் பல. வாங்கிய குஞ்சு விளக்குச் சூட்டில் வளர்கிறது. முதல் வாரம் ஏறத்தாழ 32 பாகை செல்சியஸ், பிறகு வாரத்துக்கு 3 பாகை குறைப்பது அங்கே வழக்கம். வெப்பமானி இல்லாத வளவிலும் குஞ்சைப் பார்த்தே சூட்டைக் கணிக்கலாம். விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் குளிர்; வாயைத் திறந்தபடி ஓரங்களுக்கு ஒதுங்கினால் சூடு மிகுதி.

தீவகத்தின் தனிப் பிரச்சினை தண்ணீர். இங்கே சுண்ணக்கல் நிலத்தின் கீழே கடல்நீர் பரந்திருக்க, அதன்மேல் மழைநீர் மெல்லிய படலமாக மிதக்கிறது. வாடைக்காற்றோடு வரும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு நன்னீராகும். சித்திரை, வைகாசியில் பல கிணறுகள் உவர்க்கும். வளர்ந்த தாரா இதைத் தாங்கும். அதன் கண்ணுக்கு மேலுள்ள சுரப்பி மிகையான உப்பை மூக்குத் துவாரம் வழியே வெளியேற்றிவிடும். ஒரு வாரக் குஞ்சில் அந்தச் சுரப்பி இன்னும் தேறியிருக்காது. உவர்நீர் குடித்த குஞ்சு தாகம் அடங்காமல் மேலும் மேலும் குடிக்கும், நீராகக் கழியும், தள்ளாடும், பிறகு பக்கவாட்டில் விழுந்து கால்களைத் துழாவும். பலர் இதைத் தொற்றுநோயென எண்ணிக் கோழி மருந்தைக் கொடுக்கிறார்கள். தேவைப்படுவது நன்னீர்தான். அதையும் ஒரேயடியாக வைத்தால் மூளை வீங்கிக் குஞ்சு இறக்கக்கூடும். சிறிது சிறிதாக, இடைவெளி விட்டுக் கொடுக்க வேண்டும். மனிதரின் நாக்குக்கே உவர்க்கும் தண்ணீரைக் குஞ்சுக்கு வைக்காமலிருப்பது எளிய விதி. மழைநீர்த் தொட்டி உள்ள வீட்டில் குஞ்சின் பங்கையும் அதிலேயே ஒதுக்கலாம். குஞ்சு குடிக்கும் அளவு அற்பமே. கருவாட்டுத் தலையும் இதே தீங்கைச் செய்யும். புது மீன்கழிவு குஞ்சுக்கு நல்ல புரதம். கருவாடென்றால் பலமுறை ஊறவைத்து உப்பு நீக்காமல் போடக்கூடாது.

குட்டநாடும் கடலை அடுத்த நிலமே. பல வயல்கள் கடல்மட்டத்துக்குத் தாழ்ந்தவை. ஆனால் கோடையில் உப்புநீர் உள்ளே ஏறாதபடி வேம்பநாட்டு ஏரிக்குக் குறுக்கே 1970களில் தண்ணீர்முக்கம் தடுப்பணை எழுந்தது. நெல்லுக்காகக் கட்டிய அந்த அணையால் வாத்துக்குஞ்சுக்கும் பயன் கிடைத்தது. நெடுந்தீவில் அப்படி மறிக்க ஆறும் இல்லை, ஏரியும் இல்லை.

தீனியால் வரும் கேடு இரு நாட்டுக்கும் பொது. தீட்டிய அரிசிக் குறுணலை மட்டும் தின்னும் குஞ்சு இரண்டு மூன்று வாரத்தில் முழங்கால் வளைந்து, நடக்க முடியாமல் குந்தியிருக்கும். வாத்தினத்துக்கு நயாசின் என்ற உயிர்ச்சத்து கோழியைவிட மிகுதியாக வேண்டும். ஒரு கிலோ தீவனத்தில் 55 மில்லிகிராம் இருக்க வேண்டுமென்பது வழமையான கணக்கு. தீட்டிய அரிசி பறவையின் நரம்பைக் கெடுப்பதை 1890களில் யாவாவில் கோழிகளைக் கொண்டு கண்டவர் டச்சு மருத்துவர் எய்க்மன். அங்கே குறைந்தது தயமின் என்ற இன்னொரு பி உயிர்ச்சத்து. தீட்டும்போது கழியும் தவிட்டில் இவையெல்லாம் தங்கிவிடுகின்றன. ஆகவே குறுணலோடு நல்ல தவிடும் கொஞ்சம் மீனும் சேர வேண்டும். கால் வளையத் தொடங்கிய குஞ்சுக்கு மதுவம், அதாவது ஈஸ்ட், ஒரு கிலோ தீவனத்துக்கு 50 கிராமளவு கலந்தால், ஆரம்பநிலையாயின் சில நாட்களில் எழுந்து நடக்கும். எலும்பு கோணி இறுகியபின் எந்த மருந்தும் நிமிர்த்தாது. தீவகக் கடைகளில் எளிதில் கிடைப்பது கோழிக்குஞ்சுத் தீவனம். அதில் இரத்தக் கழிச்சலுக்கெனக் கலக்கப்படும் மருந்துகளிற் சில தாராவுக்கு ஆகாது. தாரா அதிகம் தின்பதால் மருந்தும் அளவை மிஞ்சும். மருந்து கலவாததைக் கேட்டு வாங்குவது நல்லது.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு இன்னும் கொடியது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் இறந்தன, வாத்துக்குஞ்சுகளும் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணத்தின் நஞ்சே காரணமென்று தெரியவந்தது, அதுவே அஃப்ளாடொக்சின். வாத்துக்குஞ்சு இந்த நஞ்சுக்கு மிக எளிதில் பலியாவதால், தொடக்கத்தில் ஆய்வுகூடங்கள் நஞ்சை அளக்கவே அதைப் பயன்படுத்தின. தமிழ்நாட்டில் நிலக்கடலைப் புண்ணாக்கு மலிவு. வாத்துத் தீவனத்தில் அதைச் சேர்க்காதீர்கள் என்று கால்நடைத் துறையினர் சொல்வது இதனால்தான். இலங்கையில் தேங்காய்ப் புண்ணாக்கும் எள்ளுப் புண்ணாக்கும் புழங்கினாலும், மாரியில் கடற்காற்றின் ஈரத்தில் சாக்கோடு கிடந்தால் அவற்றிலும் பூஞ்சணம் ஏறும். ஈரல் கெட்ட குஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. மணம் மாறியதையும் கட்டிபட்டதையும் எறிவது மட்டுமே வழி. ஈர வைக்கலை விரித்தால் அதே பேரினத்துப் பூஞ்சணம் நுரையீரலில் இறங்கி, குஞ்சு மூச்சுக்குத் திணறும். விரிப்புக்கு உலர்ந்த மணல் மேல்.

தொற்றுநோயின் கதை இந்தியாவுக்கே பெரிது. நெதர்லாந்தில் 1923இல் அறியப்பட்ட வாத்துக் கொள்ளைநோய் 1963இல் மேற்கு வங்கத்தில் தலைகாட்டியது. இடம்பெயரும் பட்டிகள் ஒரே வாய்க்காலில் இறங்குவதால் நோய் ஊரோடு ஊராகப் பரவுகிறது. திருவனந்தபுரம் மாவட்டத்துப் பாலோட்டிலுள்ள கேரள அரசு நிறுவனம் இதற்குத் தடுப்பூசி தயாரிக்கிறது. பொதுவாக 8 முதல் 12 வார வயதில் போடப்படுகிறது. அதற்கு முந்திய வாரங்களில் ஊசியின் காவல் இல்லை. தலையைப் பின்னே வளைத்துச் சில மணி நேரத்தில் சாகும் குஞ்சு, வைரசால் வரும் ஈரல் அழற்சிக்கு ஆளாகியிருக்கலாம். அமெரிக்காவின் லோங் ஐலண்டில் 1949இல் கண்டறியப்பட்ட நோய் இது. இவற்றுக்குமேல் பறவைக் காய்ச்சல். 2014 நவம்பரிலும் 2024 ஏப்ரலிலும் ஆலப்புழையில் அது கண்டபோது வாத்துகள் கூட்டங்கூட்டமாகக் கொல்லப்பட்டன. பட்டிக்காரர் ஒரு குஞ்சைக் கையிலெடுத்துப் பார்ப்பதில்லையென்று குறைகூறுவதில் பொருளில்லை. அவர் பார்க்க வேண்டியது கூட்டத்தை.

தீவக வளவில் நாலு குஞ்சுக்குத் தடுப்பூசிக் குப்பி திறப்பதும் நடைமுறைக்கு ஒவ்வாது. ஒரு குப்பியில் பல பறவைகளுக்கான மருந்து இருக்கும். மண்டைதீவு, வேலணை, ஊர்காவற்றுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து தரைவழி உண்டு. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் குறிகட்டுவான் துறையில் படகேற வேண்டும்; நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். சோளகம் வீசும் மாதங்களில் நோயுற்ற குஞ்சைக் கடகத்தில் வைத்துக் கடல் கடந்தால் வைத்தியரைக் காணுமுன் அது முடிந்துவிடலாம். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை ஊர்தி வருகிறது. கடல் சூழ்ந்த ஊரில் கைவைத்தியம் கட்டாயம்.

அந்தக் கைவைத்தியம் அதிகமில்லை. கால் அகன்று விழும் குஞ்சை வழுக்கும் தரையிலிருந்து சாக்கின்மேல் மாற்றி, இரு காலையும் தோளகலத்துக்கு மென்துணியால் இணைத்து மூன்று நாள் விடலாம். கண் ஒட்டினால் வெதுவெதுப்பான நன்னீரால் துடைத்து, மூக்குவரை முங்கும் ஆழமுள்ள பாத்திரத்தில் தண்ணீர் வைக்க வேண்டும், உடல் முங்கக்கூடாது. நோயுற்றதைத் தனியே பிரிக்க வேண்டும். ஒரே நாளில் குஞ்சுகள் அடுத்தடுத்து இறந்தால் கைவைத்தியத்தை நிறுத்திக் கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவிப்பதே முறை.

தீவகத்தில் அடைவைக்க ஏற்ற காலம் மார்கழி. குஞ்சு பொரிக்கும் தை, மாசியில் மழை ஓய்ந்திருக்கும், கிணறு இன்னும் நன்னீராயிருக்கும், துரவிலும் தண்ணீர் நிற்கும். வலசை வரும் காட்டுவாத்துகள் கடல்நீரேரிகளில் தங்குவதும் அப்போதுதான். அவற்றிடமிருந்து நோய் தொற்றக்கூடும், ஆகையால் குஞ்சுகளை வளவுக்கு வெளியே நீர்நிலைகளில் விடக்கூடாது. சித்திரையில் கிணறு உவர்க்கத் தொடங்கும்போது அவை இரண்டு மாதத்தைத் தாண்டி, அந்தத் தண்ணீரைத் தாங்கும் வயதை எட்டியிருக்கும்.