எந்த வடை?

சிங்கப்பூரில் வடைக்குப் பஞ்சமில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் பாடு. சிராங்கூன் சாலையில் 1947 முதல் இருக்கும் கோமள விலாஸில் உட்கார்ந்தால் உளுந்து வடைதான். அதன் ருசி ஆட்டும்போதே முடிவாகிவிடும்: மாவில் காற்று நிற்க வேண்டும், ஒரு துளியைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும். நடுவிலுள்ள ஓட்டை அழகுக்கு மட்டுமல்ல. அதன் வழியே சூடு ஏறித்தான் உள்மாவு வேகிறது.

மசால் வடைக்கு மொறுமொறுப்பே உயிர். கடலைப்பருப்பை நைஸாக அரைத்துவிட்டால் போச்சு. அங்கங்கே முழுப்பருப்பு பல்லில் பட வேண்டும், சோம்பு மணக்க வேண்டும். தேக்கா நிலையத்தில் தே தாரிக் தேநீருக்கு இதைவிடப் பொருத்தமான துணை இல்லை.

இறால் வடை இந்த ஊர்க்காரன். பஞ்சு போன்ற மாவின் தலையில் தோலோடு ஒரு முழு இறால். சட்னி, சாம்பார் எதுவும் வேண்டாம். பச்சை மிளகாயை ஒரு கடி, வடையை ஒரு கடி. நோன்பு மாதத்தில் கேலாங் சிராய் சந்தையில் மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் இதற்காக வரிசை பிடிக்கிறார்கள்.

என் ஓட்டு இறால் வடைக்கே. மற்ற இரண்டும் மதுரையிலும் கிடைக்கும்.