அராஜகமும் சங்கக்கடையும்

தமிழில் 'அராஜகவாதம்' என்று எழுதும்போதே அதற்கான தீர்ப்பையும் சேர்த்து எழுதிவிடுகிறோம். எமது அரசியல் வழக்கில் அராஜகம் என்பது ஆயுதம் வைத்திருப்பவனின் தான்தோன்றித்தனம். ஸ்பெயினில் அப்பெயருக்கு உரியவர்களோ 1936 யூலையில் ஒரு மாநகரின் போக்குவரத்தையே நடத்திக் காட்டியவர்கள்.

சாம் டொல்கொவ் தொகுத்து 1974இல் வெளிவந்த 'த அனார்க்கிஸ்ட் கலெக்டிவ்ஸ்' நூலை மொன்றியலின் பிளாக் ரோஸ் பதிப்பகமும் வெளியிட்டிருக்கிறது. டொல்கொவ் வீடுகளுக்கு வர்ணம் பூசிப் பிழைத்த அமெரிக்கத் தொழிலாளி. காஸ்தோன் லெவால், ஒகஸ்தின் சூஷி போன்றோரின் நேரடிப் பதிவுகளே இந்நூலின் பலம். பார்சலோனாவில் சண்டை ஓய்ந்து ஐந்து நாட்களில், வழமையான 600க்குப் பதிலாக 700 ட்ராம் வண்டிகள் ஓடின. சுமார் 7,000 ட்ராம் தொழிலாளரில் 6,500 பேர் சி.என்.ரி. தொழிற்சங்கத்தினர். இதை ஒரு அதிசயமாகக் கொள்ள நான் தயாரில்லை. அச்சங்கம் தொடங்கியது 1910இல். வேலைநிறுத்தம், தடை, சிறை என்று கால் நூற்றாண்டு அவர்கள் கற்றதே அந்த ஐந்து நாட்களில் வெளிப்பட்டது.

நூலின் பலவீனமும் இதனருகிலேயே இருக்கிறது. சாட்சி சொல்பவர்கள் பெரும்பாலும் விசுவாசிகள். அராகொனில் கூட்டுப்பண்ணையில் சேராது ஒதுங்கிய சிறு விவசாயியை நாம் அடுத்தவர் வாய்மொழியில்தான் சந்திக்கிறோம். அராகொன் பார்சலோனா அல்ல. கற்றலோனியாவிலிருந்து படையணிகள் வந்தன. அவற்றின் பின்னால் பண்ணைகள் முளைத்தன. விரும்பிச் சேர்ந்த கிராமங்களும் இருந்தன, பயந்து சேர்ந்தவையும் இருந்தன. வாசலில் ஆயுதம் நிற்கும்போது உயர்ந்த கைகளை எப்படி எண்ணுவது?

கென் லோச்சின் 'லாண்ட் அன்ட் ஃபிரீடம்' (1995) இவ்விடத்தில் நூலைவிட நேர்மையானது. அதன் கிராமக்கூட்டத்தில், தன் நிலத்தைத் தானே வைத்துக்கொள்ள விரும்பும் விவசாயிக்கும் வாயிருக்கிறது. ஆனால் கிராமத்தை மீட்டுத்தந்த போராளிகளும் அங்கிருந்து கருத்துச் சொல்கிறார்கள். அவர்களது முன்னிலை அந்த விவாதத்தை என்ன செய்கிறது என்பதை லோச் கேள்விக்குள்ளாக்கவில்லை.

இந்நூலையும் படத்தையும் முன்வைத்து நோத்ர-டாம்-த-கிரேஸில் நாம் சிலர் கூடியபோது ஒரு நண்பர் கேட்டார்: "முதலில் போரை வெல்லவேண்டாமா?" ஸ்பானியக் கம்யூனிஸ்ட் கட்சி சொன்னதும் இதைத்தான். 1937 மே 3இல் பார்சலோனாவின் தொலைபேசி நிலையம் முற்றுகையிடப்பட்டது. யூனில் அந்த்ரேயு நின் கைதாகிக் கொல்லப்பட்டார். ஓகஸ்டில் லிஸ்தரின் படை அராகொன் நிர்வாகசபையைக் கலைத்துப் பண்ணைகளையும் உடைத்தது. போர் வெல்லப்படவில்லை. 1939 சனவரியில் பார்சலோனா பிராங்கோவிடம் வீழ்ந்தது. அனார்க்கிஸ்டுகளை விட்டிருந்தால் வென்றிருப்பார்கள் என்று நான் வாதிடவில்லை. அவர்களில் நால்வர் 1936 நவம்பரில் அரசில் அமைச்சர்களாகவே அமர்ந்தவர்கள். எனது கேள்வி வேறு. 'முதலில்' என்ற சொல்லை நாமும் அறிவோம். 1986இல் புலிகள் மே மாதம் ரெலோவையும் டிசம்பரில் ஈ.பி.ஆர்.எல்.எவ்.ஐயும் அழித்தபோது நம்மில் பலர் மௌனமாயிருக்க உதவிய சொல் அது. விடுதலை முதலில், மற்றதெல்லாம் பிறகு. அந்தப் 'பிறகு' எங்கே?

லிஸ்தரின் படை உடைத்த பண்ணைகள் சில, பாதுகாப்புக்குப் படையணி எதுவும் இல்லாமலே மீண்டும் கூடின. அவற்றைப் பலாத்காரத்தின் விளைவென்று சொல்ல முடியாது. துப்பாக்கி விலகிய பின்பும் எது நிற்கிறது என்பதே என்னளவில் சரியான அளவுகோல்.

அதை வன்னிக்குப் பிரயோகிப்போம். புலிகளின் நீதிமன்றம், காவல்துறை, வங்கி எல்லாம் 2009 மேயுடன் இல்லாமற்போயின. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களும் மீண்டும் எழுந்தன. பொருளாதாரத் தடைக்காலத்தில் மாவும் சீனியும் பங்கிட்டது சங்கக்கடைதான். அவை ஏழைச் சங்கங்கள். அரச அதிகாரியின் கை எப்போதும் மேலே இருக்கும். சாதியும் கட்சியும் உள்ளே புகுந்திருக்கும். புரட்சி என்று எவரும் சொல்லார். ஆனாலும் அங்கத்தவர் கூடி நிர்வாகத்தைத் தெரிவதும் கணக்குக் கேட்பதும் அவற்றின் விதியில் இருக்கிறது. இயக்கங்களின் வரலாற்றைப் பக்கம் பக்கமாக எழுதிய நமது புலம்பெயர் சஞ்சிகைகள் இச்சங்கங்களுக்கு ஒதுக்கிய பக்கங்கள் எத்தனை?

டொல்கொவின் நூலைத் தமிழாக்க விரும்பும் நண்பர்களுக்கு எனது வேண்டுகோள்: ட்ராம் தொழிலாளர் பகுதியிலிருந்து தொடங்குங்கள். கூடவே, போர்க்காலத்தில் சங்கக்கடை நிர்வாகக்குழுக்களில் இருந்தவர்கள் இன்று நம்மிடையே முதியவர்களாக வாழ்கிறார்கள்; அவர்களிடம் போய்க் கேட்டு எழுதுங்கள். பங்கீட்டை யார் தீர்மானித்தார்கள், இயக்கம் கேட்டபோது என்ன சொன்னார்கள், மறுக்க முடிந்ததா? இவற்றுக்கான பதில் எந்த ஸ்பானிய நூலிலும் இல்லை.