உயிரொலிப்பில் செவியும் தாடையும்

உயிரொலிகளை உறுப்புகளின் நிலைகொண்டு வரையறுப்பது ஒலிப்பியலின் நெடுநாள் வழக்கு. தொல்காப்பியப் பிறப்பியல் அகர ஆகாரங்களுக்கு அங்காப்பினைக் கூறி, இகரம் முதலாயவற்றுக்கு நாவிளிம்பு பல்லைப் பொருந்துதலையும், உகரம் முதலாயவற்றுக்கு இதழ்குவிதலையும் கூறுகின்றது. இக்காலப் பாடநூல்களின் மேலுயிர், கீழுயிர் என்னும் பகுப்பும் இத்தகையதே. இவை விளக்கங்கள் என்ற அளவில் பொருந்துவன. ஆனால் இந்நிலைகளின்றி அவ்வொலிகள் பிறவா எனக் கொள்வது ஏற்புடையதன்று.

இதற்குத் தக்க சான்று, சுவீடிய மொழியினரைக் கொண்டு லிண்ட்புளோம், லப்கர், கே ஆகியோர் 1979இல் வெளியிட்ட ஆய்வு. பற்களுக்கிடையே 20 மில்லிமீட்டருக்கும் மேலான கட்டையை வைத்து, கீழ்த்தாடை உயர இயலாதவாறு செய்த நிலையிலும், பேசுவோர் இகரம் போன்ற மேலுயிர்களை ஏறத்தாழ இயல்பான ஒத்ததிர்வு அதிர்வெண்களுடன் ஒலித்தனர். குரல்நாண்களின் முதல் அதிர்விலேயே இவ்வியல்பு காணப்பட்டது. தாடையின் குறையை நா ஈடுசெய்தது; தம் ஒலியைக் கேட்டுத் திருத்திக்கொள்ள அவர்களுக்குக் காலமில்லை.

இதனால் செவிக்குப் பங்கில்லை என்பதும் பிழையாகும். ஹூட், ஜோர்டன் ஆகியோர் (1998), மூச்சொலியாகப் பேசியோரின் உயிரொலிகளை மாற்றி அவர்கள் காதிலேயே ஒலிக்கச் செய்தனர். பேசியோர் அம்மாற்றத்துக்கு எதிர்த்திசையில் தம் ஒலிப்பைப் படிப்படியே திருத்திக்கொண்டனர். இரைச்சலால் காதை மறைத்த பின்னரும் அத்திருத்தம் நிலைத்தது. எனவே செவியை நொடிதோறும் திருத்தும் காவலன் என்பதினும், பழக்கத்தை அமைத்துத்தரும் ஆசான் என்பதே பொருத்தம்.

ஆயின் உயிரொலியின் இலக்கு முழுவதும் செவிப்புலனைச் சார்ந்ததா? டிரெம்ப்ளே, ஷில்லர், ஆஸ்ட்ரி ஆகியோர் (2003) பேசுவோரின் தாடையைப் பொறியால் சிறிதே விலக்கினர். ஒலியில் அளவிடத்தக்க மாற்றம் நேரவில்லை. எனினும் பேசுவோர் அவ்விலகலைத் திருத்தினர். ஒலியெழுப்பாது வாயசைத்துப் பேசும்போதும் இது நிகழ்ந்தது. பேச்சல்லாத தாடையசைவில் நிகழவில்லை. பேசக் கற்றபின் செவித்திறன் இழந்தோர், தம் செவிக்கருவியை நிறுத்திய நிலையிலும் இவ்வாறே திருத்திக்கொண்டதை நசீர், ஆஸ்ட்ரி ஆகியோர் 2008இல் காட்டினர். உடலுணர்வுக்கும் தனியே ஓர் இலக்கு உண்டென்பது இவற்றால் பெறப்படும்.

ஆகவே, இவ்வாய்வுகளைத் தமிழாக்குவோர் ‘இலக்கு’ என வரவேண்டிய இடத்தில் ‘ஒலிப்புநிலை’ என எழுதின் பொருளே திரியும். நிலை மாறலாம், இலக்கு மாறாது என்பதன்றோ இவ்வாய்வுகளின் முடிபு? இத்திரிபு ஏட்டளவில் நில்லாது. கண்ணாடி காட்டி வாயின் திறப்பை மட்டும் திருத்தும் பேச்சுப்பயிற்சி, செவிப்புலன் குன்றிய குழந்தைக்குப் புறத்தோற்றத்தையே கற்பிக்கும். எஞ்சிய செவித்திறனும் வாயின் தொடுவுணர்வும் பயன்படாது போகும்.