பினியன் ஏறி இறங்கும் அழகு

கயிறு இழுத்துக் கிளப்பும் பழைய சின்ன அவுட்போர்டு இன்ஜினுக்கு மின் ஸ்டார்ட்டர் பொருத்துவதே ஓர் இன்பம். சில மாடல்களில் ஸ்டார்ட்டர் உட்காரும் இடம் வார்ப்பிலேயே காலியாகக் காத்திருக்கும். ஃப்ளைவீலின் விளிம்புக்குப் பல்வளையம் வேண்டும். பொத்தானை அழுத்தியதும் ஸ்டார்ட்டர் தண்டில் உள்ள சிறு பல்சக்கரமான பினியன் திருகுமரையில் மேலேறி அந்தப் பற்களைக் கவ்வுகிறது. இன்ஜின் பிடித்து வேகமெடுத்ததும் அந்த வேகமே பினியனைக் கீழே தள்ளிவிடுகிறது. ஏறு, இறங்கு என்று சொல்லத் தனிக் கருவி எதுவும் கிடையாது. ஏறப் பினியனின் நிலைமமும் இறங்க இன்ஜினின் வேகமுமே போதும். வின்சென்ட் பென்டிக்ஸின் பெயரைத் தாங்கிய இந்த அமைப்பு எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது! 12 வோல்ட் பேட்டரி, தடித்த கேபிள், சொலினாய்டு எல்லாம் அதற்குச் சேவகம்தான். கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டும் மின்சாரம் விடும் சுவிட்சை மறக்கவே கூடாது. கயிற்றையும் கழற்றிவிடாதீர்கள், நடுக்கடலில் பேட்டரி இறங்கினால் அது வேண்டும்.